ஆள் குறைக்கிறாங்களாம்

வேலை போய்விடுமோ என்று பயப்படுகிறவர்கள் உண்டு. நம்மவர் அந்த ரகம் இல்லை. பயப்படுவதாகச் சொன்னவர். இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்பது அவருக்கு விளங்க எட்டு மாதம் பிடித்தது.

அவருக்கு லிஃப்ட் கம்பெனியில் வேலை. லிஃப்ட் செய்கிற வேலை இல்லை, பழுது பார்க்கிற வேலையும் இல்லை. புகார் பிரிவு. ஏதோ ஒரு கட்டடத்தில் லிஃப்ட் நடுவழியில் நின்றால், உள்ளே மாட்டிக்கொண்டவர் சிவப்புப் பொத்தானை அழுத்துவார். இந்தப் பக்கம் நம்மவர் காதில் மணி அடிக்கும். "பதறாதீங்க, ஆள் வந்துட்டே இருக்காங்க" என்பார். அந்த ஆள் அப்போது வேறெங்கோ ஒரு கட்டடத்தில் கீழே விழுந்த திருகாணியைத் தேடிக்கொண்டிருப்பார். பதினோரு வருடமாக இதே வரிதான். அதை அவர் சொல்லும் பக்குவத்தில், மாட்டிக்கொண்டவர்கள் உள்ளேயே உட்கார்ந்து தூங்கிப் போனதும் உண்டு.

அவர் குடியிருந்தது மூன்றாவது மாடி. அந்தக் கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது.

மனைவிக்கு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை. ஊசி உள்ளே போனதே தெரியாமல் ரத்தம் எடுப்பதில் பெயர் வாங்கியவள். கண்ணை இறுக மூடிக்கொண்டு "எப்போ குத்தப் போறீங்க?" என்று கேட்பவர்கள் கையில் பஞ்சைக் கொடுத்து, "முடிஞ்சுது, அழுத்திப் பிடிங்க" என்பாள். இந்தத் திறமை வீட்டிலும் செல்லும் என்று நம்மவர் நினைத்துப் பார்த்ததில்லை.

இரண்டு பெண் குழந்தைகள். பெரியவள் எட்டாம் வகுப்பு. சின்னவள் இரண்டாம் வகுப்பு. நம்மவரைக் கேட்டால் சின்னவள் ஒன்றாம் வகுப்பு என்பார். போன வருடமும் அப்படித்தான் சொன்னார். போன வருடம் அது சரி.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, மனைவி ஒரு தாளைக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தாள். நடுவில் கோடு போட்டு ஒரு பக்கம் 'அம்மா', மறு பக்கம் 'அப்பா' என்று எழுதியிருந்தது.

"என்னம்மா இது?"

"பிள்ளைங்க படிப்பு. இப்போ யார் என்ன பாக்கறோம்னு எழுதியிருக்கேன்."

அம்மா பக்கத்தில் இடம் போதாமல் ஓரத்திலெல்லாம் எழுதியிருந்தாள். வீட்டுப்பாடம், பரீட்சை, செய்முறை நோட்டு, சார்ட், பெற்றோர் கூட்டம், லீவு லெட்டர், தொலைந்த ரப்பர். அப்பா பக்கத்தில் ஒரே ஒரு வரி: ரிப்போர்ட் கார்டில் கையெழுத்து.

"சரியாத்தானே எழுதியிருக்கே" என்றார்.

"சரியில்லை. போன தடவை அதையும் பெரியவளே போட்டுட்டா. உங்க கையெழுத்து உங்களை விட அவளுக்கு நல்லா வருது."

"அப்படியா? அடிச்சியா அவளை?"

"எதுக்கு அடிக்கணும்? நாலு நாள் உங்ககிட்ட நீட்டிப் பாத்துட்டுத்தான் போட்டா. இனிமே பெரியவளுக்குக் கணக்கு, சின்னவளுக்கு வாசிப்பு, ரெண்டும் உங்க பொறுப்பு. சாயந்திரம் ஆறுலேர்ந்து ஏழரை வரைக்கும்."

ஆறிலிருந்து ஏழரை என்பது அவருடைய வாழ்க்கையிலேயே பொன்னான நேரம். ஆபீஸ் ஐந்தரைக்கு விடும். பஸ் நிறுத்தத்துக்குப் பின்னால் ஒரு டீக்கடை. அதன் மூலையில் ஒரு நாற்காலி. கையில் செல்போன். அதில் வண்ணப் பந்துகளை ஒரே நிறமாக அடுக்கும் ஒரு விளையாட்டு. நானூற்றுப் பன்னிரண்டாவது கட்டம் வரை வந்திருந்தார். இது வீட்டில் யாருக்கும் தெரியாது. ஆபீஸ் நேரம் முடிந்தும் வேலை இழுத்து ஏழு மணி ஆகிவிடுகிறது என்று வீடு நம்பியிருந்தது.

பதினோரு வருடப் பழக்கம் கைகொடுத்தது. மாட்டிக்கொண்டவர்களிடம் பேசுகிற அந்தக் குரல் தானாக வந்தது.

"நானே உன்கிட்ட சொல்லணும்னு இருந்தேன். ஆபீஸ்ல ஆள் குறைக்கிறாங்களாம்."

மனைவி நிமிர்ந்து பார்த்தாள்.

"எத்தனை பேரை?"

"யாருக்குத் தெரியும்? ராப்பகலா உக்காந்திருக்கிறவனை வெச்சுப்பாங்க. நேரமாச்சுன்னு பையைத் தூக்கறவனைத் தூக்கிடுவாங்க. இந்த நேரத்துல நான் ஆறு மணிக்கு வீட்டுக்கு வந்து உக்காந்தா என்ன ஆகும், நீயே சொல்லு."

அவள் தாளை நான்காக மடித்து அலமாரியில் வைத்தாள். "பாவம், இவ்வளவையும் மனசுல வெச்சுக்கிட்டா இருந்தீங்க" என்றாள். அறைக் கதவோரம் சின்னவள் நின்றுகொண்டிருந்ததை இரண்டு பேரும் கவனிக்கவில்லை.

அடுத்த பத்து நாள் நம்மவருக்கு ராஜ வாழ்க்கை. வீட்டுக்குள் நுழைந்ததும் டீ. உட்கார்ந்ததும் மின்விசிறி. பெரியவள்கூட டி.வி. சத்தத்தைக் குறைத்தாள். பொய்க்கு இவ்வளவு மரியாதை கிடைத்தால் யாருக்குத்தான் நிறுத்த மனம் வரும்? தினம் ஒரு கைப்பிடி சேர்த்தார். "இன்னைக்கு ஒருத்தரோட நாற்காலியையே காணோம்" என்றார். அந்த நாற்காலி சக்கரம் கழன்று ரிப்பேருக்குப் போயிருந்தது. "மேனேஜர் யார் முகத்தையும் பாக்க மாட்டேங்கறார்" என்றார். மேனேஜருக்குக் கழுத்துச் சுளுக்கு.

பதினோராம் நாள் மனைவி சொன்னாள்: "எங்க நிலையத்துல மூத்த டெக்னீஷியன் பதவியை எடுத்துக்கிட்டேன். திங்கள்லேர்ந்து."

நான்கு வருடமாக அவளுக்கு அதைக் கொடுக்கிறோம் என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். மத்தியானம் ஒரு மணிக்குப் போனால் திரும்பி வர எட்டரை ஆகும். பிள்ளைகளை யார் பார்ப்பது என்று நான்கு வருடமாக அவள்தான் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

"அப்போ பிள்ளைங்க?"

"நீங்க இருக்கீங்களே."

"நான் ஏழு மணி வரைக்கும் ஆபீஸ்ல உக்காரலைன்னா..."

"உக்காந்து என்னத்தைக் கண்டீங்க? போகப் போற வேலைக்கு யாராவது இப்படி உயிரை விடுவாங்களா? அவங்க தூக்கறதுன்னு முடிவு பண்ணிட்டா நீங்க அங்கேயே பாயைப் போட்டுப் படுத்தாலும் தூக்குவாங்க. ஆபீஸ் நேரம் எப்போ முடியுதோ அப்போ கிளம்பி வாங்க. வீட்டுல ஒருத்தர் வேலையாவது நிலைக்கணுமா, வேண்டாமா?"

வேண்டாம் என்று எப்படிச் சொல்வது?

மறுநாள் நம்மவர் படியேறும்போதே முகத்தில் மலர்ச்சியை வரவழைத்துக்கொண்டார்.

"ஒரு நல்ல சேதி. ஆள் குறைப்பு இல்லைன்னு சொல்லிட்டாங்க."

"யாரு?"

"மேனேஜர்தான்."

"எழுத்துல குடுத்தாரா?"

"எழுத்துலன்னா... வாயாலதான் சொன்னார்."

"அப்போ கட்டாயம் தூக்கப் போறாங்க. மாட்டிக்கிட்டவங்ககிட்ட நீங்க தினமும் சொல்றீங்களே, ஆள் வந்துட்டே இருக்காங்கன்னு. அதே கதைதான் இது. நீங்களே இதை நம்பலாமா?"

நம்மவர் வாயைத் திறந்தார். திறந்த வாய்க்குள் உண்மை தயாராகத்தான் இருந்தது. ஆனால் அது வெளியே வந்தால், ஐந்தரை மணிக்குப் பிறகு இத்தனை வருடம் எங்கே போனீர்கள் என்ற கேள்வியும் கூடவே வரும். நானூற்றுப் பன்னிரண்டு கட்டங்களுக்குக் கணக்குச் சொல்ல வேண்டும். வாயை மூடிக்கொண்டார்.

திங்கட்கிழமை ஆறு மணிக்கு மேசையில் உட்கார்ந்தார். எதிரில் இரண்டு பேர்.

பெரியவள் கணக்கு நோட்டைத் திறந்தாள். அவர் ஐந்து நிமிடம் அதை உற்றுப் பார்த்தார்.

"அப்பா, நீங்க சும்மா உக்காந்திருங்க. அம்மா கேட்டா சொல்லிக் குடுத்தீங்கன்னு சொல்லிடறேன்."

"ஏன், உனக்கே தெரியுமா இது?"

"இது எனக்குத் தெரியாது. உங்களுக்கும் தெரியாதுன்னு தெரியும்."

சின்னவள் பரவாயில்லை. வாசிப்புப் புத்தகத்தை விரித்து, முயலும் ஆமையும் குளத்துக்குப் போன கதையைத் தங்குதடையில்லாமல் படித்தாள். நம்மவருக்குப் பெருமை தாங்கவில்லை. இதற்கா மனைவி இத்தனை அமர்க்களம் பண்ணினாள் என்று நினைத்துக்கொண்டே பக்கத்தைத் திருப்பினார். இரண்டு பக்கம் சேர்ந்து புரண்டுவிட்டது. சின்னவள் நிற்கவில்லை. புரண்டுபோன பக்கத்தில் இருந்ததை, கண் முன்னால் இல்லாததை, ஒரு சொல் பிசகாமல் படித்துக்கொண்டே போனாள்.

அவர் கதையை நிறுத்தினார். ஒரு சொல்லின் மேல் விரலை வைத்தார். குளம்.

"இது என்னம்மா?"

குழந்தை எழுத்தைப் பார்க்கவில்லை. அவர் முகத்தைப் பார்த்தது. உதடு எப்படி அசைகிறது என்று பார்த்தது.

"நீங்க முதல்ல சொல்லுங்கப்பா. அப்புறம் நான் சொல்றேன்."

எட்டரைக்கு மனைவி வந்து செருப்பைக் கழற்றக்கூட இல்லை. அதற்குள் சொன்னார்: "சின்னவளுக்குப் படிக்கவே வரலை. எல்லாம் மனப்பாடம்."

"தெரியும்."

"எப்போலேர்ந்து?"

"போன வருஷத்துலேர்ந்து. உங்ககிட்ட மூணு தடவை சொன்னேன். ரெண்டு தடவை 'ம்'னீங்க. மூணாவது தடவை 'பதறாதே, சரியாயிடும்'னீங்க."

அவருக்கு அந்த மூன்று தடவையும் ஞாபகம் இல்லை. அந்தக் குரல் மட்டும் எப்படி இருந்திருக்கும் என்று தெரிந்தது.

பெற்றோர் கூட்டம் வந்தது. அதற்கும் நம்மவர்தான் போனார். டீச்சர் நாற்காலியைக் காட்டிவிட்டு, "நீங்க?" என்றார்.

"அப்பா."

"யாருக்கு?"

சின்னவளைக் காட்டினார். டீச்சர் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். "நீங்க வெளியூர்ல வேலை பாக்கறதா நெனச்சிட்டிருந்தேன்" என்றார். பிறகு சின்னவளின் நோட்டை எடுத்து விரித்தார். பலகையைப் பார்த்து எழுதிய எழுத்துகள் எறும்பு போல நெருக்கிக்கொண்டு கிடந்தன. ஒரு வரியில் மூன்று வரி. அட்டையின் உட்பக்கம்கூட நிரம்பியிருந்தது. "எழுத்தை ஏன் இப்படி நசுக்கறே?" என்று போன வாரம்தான் நம்மவர் அவளைத் திட்டியிருந்தார்.

"நானும் முதல்ல திட்டினேன்" என்றார் டீச்சர். "அப்புறம் கேட்டப்ப சொன்னா. அப்பாவுக்கு வேலை போகப் போகுதாம். நோட்டு தீந்தா புதுசு வாங்கணுமேன்னு சின்னதா எழுதறாளாம். வீட்டுல கஷ்டம் இருந்தா குழந்தைங்க காதுல விழாம பாத்துக்குங்க சார்."

திரும்பி வரும் வழியில் நான்கு நோட்டு வாங்கினார். குழந்தை வாங்கிக்கொள்ளவில்லை.

"அப்பா வேலை போகாது கண்ணு. அதெல்லாம் சும்மா."

"பொய் சொல்லாதீங்கப்பா. நீங்க அம்மாகிட்ட சொன்னதை நான் கேட்டேன்."

சின்னவள் இதைக் கோபமாகச் சொல்லவில்லை. அப்பாவுக்கு ஆறுதல் சொல்வதுபோல, அவர் விரலைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். பஸ் வரும்வரை நம்மவர் நான்கு நோட்டையும் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார். அவருடைய பதினோரு வருடக் குரல் அன்றைக்கு வேலை செய்யவில்லை.

அதன்பிறகு அவர் டீக்கடைப் பக்கம் போகவில்லை. திருந்திவிட்டார் என்று சொல்ல மாட்டேன். மேசையில் உட்காரும்போது எரிச்சல் வந்தது. ஒரு எழுத்தைப் பத்துத் தடவை சொன்னால் பதினோராவது தடவை அவள் மறந்தாள். ஒருநாள் புத்தகத்தைத் தூக்கி எறிந்தார். பெரியவள் எழுந்து போய் எடுத்துவந்து, தூசி தட்டி, "அம்மா ஒரு தடவைகூட எறிஞ்சதில்லை" என்று சொல்லி அவர் முன்னால் வைத்தாள். அவர் மறுபடி உட்கார்ந்தார். முயலையும் ஆமையையும் ஒதுக்கி வைத்தார். சின்னவளுக்கு மனப்பாடமாகாத வார்த்தைகள் வேண்டும். ஆபீஸ் கிடங்கில் லிஃப்டுக்குள் ஒட்டும் அறிவிப்புத் தாள்கள் கிடந்தன. படம் இல்லை, கதை இல்லை, பெரிய பெரிய எழுத்து. ஒவ்வொன்றாக எடுத்து வந்தார்.

ஐந்தாவது மாதம் ஒரு சாயந்திரம், யார் உதட்டையும் பார்க்காமல், விரலை ஊன்றி ஊன்றி, சின்னவள் தன் வாழ்க்கையின் முதல் வாக்கியத்தைப் படித்தாள்: "எட்டுப் பேருக்கு மேல் ஏறக் கூடாது."

பெரியவள் கைதட்டினாள். நம்மவர் முகம் கழுவப் போகிறேன் என்று எழுந்து போனார். கொஞ்ச நேரம் கழுவினார்.

இங்கே இப்படி இருக்க, ஆபீஸில் வேறொன்று நடந்துகொண்டிருந்தது. எங்கிருந்தோ ஒரு பேச்சு கிளம்பியிருந்தது. ஆள் குறைக்கப் போகிறார்களாம். யார் சொன்னது என்று யாருக்கும் தெரியவில்லை. நம்மவர் தன் காதால் அதை முதலில் கேட்டபோது, தான் சொன்னது இல்லை, இது வேறு ஏதோ என்றுதான் நினைத்தார். புகார் பிரிவில் ஐந்து பேர். அதில் கெட்டிக்காரர்கள் இரண்டு பேர் பயந்துபோய் வேறு இடம் பார்த்துக்கொண்டு போய்விட்டார்கள். மீதி மூன்று பேர் அந்த வேலையையும் சேர்த்துப் பார்த்தார்கள். தலைமை அலுவலகம் இதைக் கவனித்தது. ஐந்து பேர் வேலையை மூன்று பேர் பார்க்க முடிகிறது என்றால், மூன்று பேர் எதற்கு என்று யோசித்தது.

எட்டாவது மாதம் மேனேஜர் கூப்பிட்டார்.

"உக்காருங்க. சுத்தி வளைக்காம சொல்லிடறேன். நாளைலேர்ந்து மெஷினே பதில் சொல்லப் போகுது. புகார் பிரிவு கிடையாது."

"சார், ஆள் குறைப்பு இல்லைன்னு..."

"இல்லாமத்தான் இருந்தது. ஊரே இருக்குன்னு சொல்லிட்டிருந்தப்ப, அப்படி என்னதான் இருக்குன்னு மேல கணக்குப் போட்டுப் பாத்தாங்க. இருந்துடுச்சு." மேனேஜர் கண்ணாடியைத் துடைத்தார். "போறதுக்கு முன்னாடி ஒரு சின்ன உதவி. உங்க குரல்ல ஒரு நம்பிக்கை இருக்கு. அந்த ஒரு வரியை மட்டும் பேசிக் குடுத்துட்டுப் போங்க, மெஷின்ல ஏத்திக்கிறோம்."

பக்கத்து அறையில் ஒலிவாங்கி வைத்திருந்தார்கள். நம்மவர் பேசினார். பதிவு செய்கிற பெண் தலையாட்டினாள். "கொஞ்சம் சோகமா வருது சார். இன்னொரு தடவை." மூன்றாவது தடவைதான் சரியாக வந்தது. வேலை போனது அவருக்குத்தான். குரலுக்கு அதே இடத்தில் வேலை நிரந்தரமாயிற்று.

அன்று மனைவிக்கு வார விடுமுறை. மத்தியானமே மூன்று மாடி ஏறி வந்து நின்றவரை நிமிர்ந்து பார்த்தாள். துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"நிஜமாவே தூக்கிட்டாங்க" என்றார்.

"நிஜமாவேன்னா?"

அப்போதுதான் அவருக்கு வார்த்தை உறைத்தது. அவள் மடித்த துணியைக் கீழே வைத்தாள்.

"நீங்க சொன்ன மூணாவது நாளே எனக்குத் தெரியும். உங்க ஆபீஸ் கணக்குப் பிரிவு அம்மா சர்க்கரை பாக்க வந்தாங்க. ஊசி போடறப்ப எதையாவது பேசிட்டே இருப்பேன், வலி தெரியாம இருக்கும். 'உங்க ஆபீஸ்ல ஆள் குறைக்கிறாங்களாமே'ன்னு கேட்டேன். 'அப்படியா, எனக்குத் தெரியாதே'ன்னு அந்தம்மா முழிச்ச முழியிலயே புரிஞ்சுபோச்சு. அஞ்சரைக்கு ஆபீஸ் பூட்டிடுவாங்கன்னு அவங்களே சொன்னாங்க."

பேச்சு எங்கிருந்து கிளம்பியது என்பது நம்மவருக்கு இப்போது புரிந்தது. யாரைக் கோபித்துக்கொள்வது என்றுதான் புரியவில்லை. அவள் கேட்டது, அவர் சொன்னதைத்தான்.

"தெரிஞ்சும் ஏன் என்னைக் கேக்கலை?"

"ஏழு வருஷமா உண்மையைச் சொல்லிக் கேட்டேன், பிள்ளைங்களோட கொஞ்ச நேரம் உக்காருங்கன்னு. நீங்க உக்காரலை. ஒரு பொய் வந்து உங்களை உக்கார வெச்சுது. அதைப் போய் நான் எதுக்குக் கலைக்கணும்?"

"சின்னவ நோட்டுல நசுக்கி நசுக்கி எழுதினாளே, அது உனக்குத் தெரியுமா?"

"எழுதினா. அது அவ பழக்கம்னு நெனச்சேன்."

"வேலை போயிடும்னு பயந்து எழுதினா. டீச்சர் சொன்னாங்க."

ஊசியே தெரியாமல் குத்துகிறவள், முதல் தடவையாகத் தனக்குக் குத்தியதுபோலப் பார்த்தாள்.

"அது எனக்குத் தெரியாது" என்றாள் மெல்ல. "என்கிட்ட ஏன் சொல்லலை நீங்க?"

"சொன்னா என் பொய்யையும் சேத்துச் சொல்லணுமே."

மடித்த துணிகளுக்கு அந்தப் பக்கம் ஒருவர், இந்தப் பக்கம் ஒருவர். கீழே தெருவில் பள்ளிக்கூட வண்டி வந்து நிற்கும் சத்தம் கேட்டது. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

"சரி, நாளைலேர்ந்து வேலை தேடுங்க."

நம்மவருக்குள் ஏதோ ஒன்று லேசாகத் தலை தூக்கியது. டீக்கடை மூலையில் அந்த நாற்காலி இன்னும் இருக்கக்கூடும்.

"வேலை தேடறதுன்னா சும்மாவா? பத்து இடம் ஏறி இறங்கணும். சாயந்திரம் வரைக்கும் வெளியே சுத்த வேண்டியிருக்கும்."

"தாராளமா சுத்துங்க" என்றாள் மனைவி, கதவைத் திறக்கப் போய்க்கொண்டே. "சின்னவளையும் கூட்டிட்டுப் போங்க. 'ஆட்கள் தேவை'ன்னு எங்கே எழுதியிருக்குன்னு அவளே படிச்சுச் சொல்லுவா."